பேய்க்கதையைக் காமிக்ஸ் ஆக்கினேன், பயம் காணாமல் போனது: சரிசெய்த விதம்

இறந்துபோன மகளின் குரல் கதவுக்குப் பின்னாலிருந்து கேட்கிறது, திறப்பதா வேண்டாமா என்று அம்மா தவிக்கிறாள், இதுதான் கதை. எழுத்தில் படித்தால் உடம்பு சிலிர்க்கும். கட்டங்களாக வரைந்ததும் பயமும் இல்லை, துக்கமும் இல்லை. வாசகர் மனசுக்குள் உருவாக்கிக்கொள்ளும் முகத்தைப் படம் ஒரே நொடியில் காட்டிக்கொடுத்துவிடுகிறது, அதுதான் சிக்கல்.

முதலில் மகளின் உருவத்தை மொத்தமாக எடுத்தேன். வசனம் எழுதும் பேச்சுக் குமிழில், பேசுபவரைக் காட்டும் வால் மட்டும் கதவிடுக்கின் இருட்டுக்குள் போகும், குமிழில் 'அம்மா' என்று சின்ன எழுத்து, சுற்றிலும் நிறைய வெள்ளை. குரல் தூரத்தில் கேட்பதுபோல் இருக்க அந்த வெற்றிடமே போதும்.

அப்புறம் பக்கம் திருப்பும் இடம். அச்சுப் புத்தகத்தில் வலப்பக்கத்தின் கடைசிக் கட்டத்தில் தாழ்ப்பாள்மேல் அம்மாவின் கை, திருப்பினால்தான் கதவு திறக்கும். இரண்டையும் எதிரெதிர்ப் பக்கங்களில் வைத்தால் கண் முன்கூட்டியே ஓடிப் பார்த்துவிடும். போனில் கீழே தள்ளிப் படிப்பதென்றால் நடுவில் நீளமாகக் கறுப்பு விட்டாலே அந்த வேலை நடக்கும்.

துக்கத்துக்கு, ஒரே கோணத்தில் ஒரே அளவில் சில கட்டங்கள், மாறுவது அம்மாவின் விரல்கள் மட்டும். 'அவள் பயந்தாள்' வகைக் குறிப்புகளை எல்லாம் வெட்டிவிட்டேன், கைகளே அதைச் சொல்லிவிடுகின்றன. கதையின் கடைசி வரியை மட்டும் அப்படியே விட்டுவைத்தேன், அதைப் படமாக்க எனக்கு மனசு வரவில்லை.