சாமையை மலையிலேயே அரிசியாக்கி விற்பது எப்படி?

ஐக்கிய நாடுகள் சபை 2023ஆம் ஆண்டைப் பன்னாட்டுச் சிறுதானிய ஆண்டாக அறிவித்ததிலிருந்து சாமை அரிசி நகரத்து மளிகைக் கடைகளிலும் இணைய விற்பனைத் தளங்களிலும் எளிதாகக் கிடைக்கிறது. ஆனால் ஜவ்வாது மலையிலும் கொல்லி மலையிலும் அதை விளைவிக்கும் உழவர்களில் பலர், அறுவடை முடிந்த கையோடு உமி நீக்காத தானியத்தை வியாபாரி சொல்லும் விலைக்குக் கொடுத்துவிடுகிறார்கள். மத்திய அரசின் குறைந்தபட்ச ஆதரவு விலை கேழ்வரகு, கம்பு, சோளம் ஆகியவற்றுக்கு உண்டு, சாமைக்கென்று தனியாக இல்லை. தமிழ்நாட்டுச் சிறுதானியத்தில் ஒரு பகுதி மகாராட்டிரத்தின் நாசிக் ஆலைகள் வரை சென்று அரிசியாகிறது. தானியம் அரிசியாகும் இடத்தில்தான் விலை கூடுகிறது என்பதால், அந்த வேலையை உழவர் குழுக்கள் தம் கைக்குக் கொண்டுவருவதற்கான வழிகளை இங்கே எழுதுகிறேன். கொல்லி மலையில் சவ்வரிசி ஆலைகளுக்கான மரவள்ளி சாமை நிலங்களைப் பிடித்துக்கொண்டதற்குக் காரணம் அதில் கிடைத்த ரொக்கமே. சாமையும் ரொக்கம் தந்தால்தான் அந்நிலங்களில் நிலைக்கும்.

ஆடிப்பட்டத்துக்கு முன்பே குழுவிலுள்ள அனைவரும் ஒரே இரகத்தை விதைப்பதென்று முடிவு செய்துகொள்வது நல்லது. பல இரகங்கள் கலந்தால் மணியின் அளவு மாறுபடும். அளவு மாறுபட்டால் உமி சீராக நீங்காது. திருவண்ணாமலைக்கு அருகே அத்தியந்தலில் உள்ள தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் சிறுதானிய மகத்துவ மையத்தில் விதை பற்றியும் இயந்திரங்கள் பற்றியும் கேட்டறியலாம். உள்ளூர் இரகத்தையே விரும்புவோர் அதைத் தனியாக அறுத்து, தனியாகவே களத்தில் அடித்து வைக்க வேண்டும்.

வாடிக்கையாளரை மீண்டும் வரவிடாமல் செய்யும் முதல் குறை கல்தான். சாமை மணி மிகச் சிறியது. ஏறக்குறைய அதே அளவுள்ள கல்லும் மண்ணும் சல்லடையில் அகப்படாமல் மணியோடு வந்துவிடும். ஆகவே தார்ச்சாலையிலோ மண்தரையிலோ அடிக்காமல் தார்ப்பாய் விரித்து அடிப்பதும் உலர்த்துவதும் பாதி வேலையை முடித்துவிடும். எஞ்சியதற்கு, முதலில் பெரிய கட்டிகளையும் அதன்பின் புல் விதைகளையும் பிரிக்கும் இரண்டு சல்லடைகள், பதரையும் தூசியையும் ஊதித் தள்ளும் காற்றாடி, எடை வேறுபாட்டால் கல்லைப் பிரிக்கும் கல்நீக்கி என்ற வரிசையில் இயந்திரங்கள் தேவைப்படும். பணம் குறைவாக இருந்து ஏதேனும் ஒன்றைத் தள்ளிப்போட வேண்டுமானால், பொதி கட்டும் இயந்திரத்தைத் தள்ளிப்போடலாம். கல்நீக்கியை ஒருபோதும் தள்ளிப்போடக் கூடாது.

உமி நீக்கும்போது ஈரப்பதம்தான் எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது. ஈரம் மிகுந்தால் உமி மணியை விட்டுப் பிரியாது, அளவுக்கு மீறிக் காய்ந்தால் மணி நொறுங்கி நொய்யாகும். 10 முதல் 12 விழுக்காடு வரை ஈரம் இருக்கையில் அரைப்பது ஏற்றது. குழுவுக்கு ஒரு ஈரப்பதமானி வாங்கி வைத்துக்கொள்ளலாம். மையவிலக்கு விசையில் மணியை வீசி உமியை உடைக்கும் இயந்திரத்தில், ஒரே ஓட்டத்தில் முழுவதையும் நீக்கிவிட வேண்டுமென்று வேகத்தைக் கூட்டுவது நட்டத்தில் முடியும். மிதமான வேகத்தில் ஓட்டி, உமி நீங்காத மணிகளைப் பிரித்தெடுத்து இரண்டாம் முறை விடுவதே சரியான முறை. வெண்மைக்காகத் தவிட்டைத் தீட்டி எடுக்க வேண்டாம் என்று அழுத்தமாகச் சொல்வேன். மக்கள் சாமையை நாடி வருவதற்குக் காரணமான நார்ச்சத்தும் கனிமச்சத்தும் பெருமளவில் அந்தத் தவிட்டில்தான் இருக்கின்றன.

தவிடு இருக்கும் அரிசியில் எண்ணெய்ச் சத்தும் இருக்கும் என்பதால், நாள்பட்டால் சிக்கு வாடை அடிக்கும். வண்டும் விரைவில் வரும். உமியோடு இருக்கும் சாமையோ நன்கு உலர்த்தி வைத்தால் ஆண்டுக்கணக்கில் கெடாது. ஆகையால் விளைச்சல் முழுவதையும் ஒரே மூச்சில் அரைத்து அடுக்கிவிடாமல், தானியமாகவே சேமித்து, கேட்பு வந்த அளவுக்கு மாதந்தோறும் அரைத்து அனுப்ப வேண்டும். அறுவடைக் காலத்து விலை வீழ்ச்சியிலிருந்து தப்பவும் இதுவே வழி. அதுவரை உழவருக்குப் பணம் தேவைப்படுமே என்றால், தானியத்தைப் பெற்றவுடன் சந்தை விலையில் ஒரு பகுதியை முன்பணமாகத் தரக் குழு ஏற்பாடு செய்திருக்க வேண்டும். இந்த ஏற்பாடு இல்லாத குழுவுக்குத் தானியம் வந்து சேராது.

விலையைக் கணக்கிடும்போது பலரும் தவறுவது தேறும் அளவில்தான். 100 கிலோ தானியத்தில் சுமார் 60 கிலோ அரிசி கிடைக்கும் என்று வைத்துக்கொண்டால், கிலோ 40 ரூபாய்க்கு வாங்கிய தானியம் அரிசியாகும்போது மூலப்பொருள் செலவு மட்டுமே கிலோவுக்கு ஏறத்தாழ 67 ரூபாய் ஆகிவிடும். இதற்கு மேல் அரவைக் கூலி, மின்கட்டணம், பை, மலையிலிருந்து இறக்கும் வாடகை, கடைக்காரரின் பங்கு ஆகியவற்றைச் சேர்க்க வேண்டும். நொய்யைக் கஞ்சிக்கும் உப்புமாவுக்கும் தனியே விற்றால் கணக்கு சற்று இலகுவாகும்.

உணவுப் பாதுகாப்புத் தர நிர்ணய ஆணையத்தின் பதிவோ உரிமமோ பெறாமல் பொதியிட்டு விற்கக் கூடாது. 15 வகைச் சிறுதானியங்களுக்கான தர அளவுகளை அந்த ஆணையம் 2023 செப்டம்பர் 1 முதல் நடைமுறைப்படுத்தியுள்ளது. ஈரப்பதம், அயற்பொருள், பிற தானியக் கலப்பு, வண்டு அரித்த மணி முதலியவை அதில் அடங்கும். பொதியின் மேல் நிகர எடை, பொதியிட்ட மாதம், அதிகபட்ச விலை, தயாரித்தவர் முகவரி ஆகியவை இருக்க வேண்டும். இயற்கை வேளாண் பொருள் என்று சொல்லிக் கடைகளுக்குக் கொடுப்பதானால் விதைச்சான்று மற்றும் அங்ககச் சான்றளிப்புத் துறையின் சான்றோ, உழவர்கள் குழுவாகச் சேர்ந்து பெறும் பங்கேற்பு உத்தரவாதச் சான்றோ தேவை. சர்க்கரை நோயைக் குணப்படுத்தும் என்பது போன்ற வாசகங்களைச் சட்டம் அனுமதிப்பதில்லை. நோயாளி ஒருவர் அதை நம்பி மருந்தை நிறுத்தக்கூடும் என்பதால், சட்டம் இல்லாவிட்டாலும் அவற்றை எழுதக் கூடாது.

அத்தகைய வாசகங்களுக்குப் பதிலாகப் பொதியில் சமைக்கும் முறையை அச்சிடுங்கள். நெல்லரிசியைப் போலவே தண்ணீர் வைத்துக் குழைத்துவிட்டு, சாமை தனக்கு ஒத்துவராது என்று ஒதுக்கியவர்கள் நகரத்தில் நிறையப் பேர் இருக்கிறார்கள். அரை மணி நேரம் ஊறவைத்து, ஒரு பங்கு அரிசிக்கு இரண்டு முதல் இரண்டரைப் பங்கு தண்ணீர் வைத்தால் உதிரியாக வரும்.

முதல் ஆண்டில் பெரிய அங்காடிகளை நாட வேண்டாம். அவை கேட்கும் அளவும் கடன் தவணையும் புதிய குழுவின் முதலீட்டை முடக்கிவிடும். மாவட்டத் தலைநகரின் உழவர் சந்தை, இயற்கை அங்காடிகள், சிற்றுண்டிச் சாலைகள், மாதாமாதம் வாங்கும் குடும்பங்கள் என்று தொடங்கி, ரொக்கத்துக்கோ 15 நாள் தவணைக்கோ மட்டும் கொடுங்கள். ஒவ்வொரு அரவையிலும் அரைக் கிலோ மாதிரியை நாள் குறித்து எடுத்துவைத்தால், குறை சொல்லி வரும் பொதி எந்த அரவையைச் சேர்ந்தது, அதில் எந்த உழவரின் தானியம் இருந்தது என்று உடனே கண்டறியலாம்.