மைக்ரோவேவ் ஓவன் பழுதானால்: வெளிமூடியைக் கழற்றாமல் நீங்களே பார்க்கக்கூடியவை

மைக்ரோவேவ் ஓவன் வேலை செய்யாமல் போனால், புதிதொன்று வாங்குவதைப் பற்றி யோசிப்பதற்கு முன் வீட்டிலிருந்தபடியே சரிபார்க்கக்கூடியவை பல இருக்கின்றன. கீழே சொல்லப்படும் எந்தப் படிக்கும் ஓவனின் வெளிமூடியைக் கழற்றத் தேவையில்லை; கழற்றவும் கூடாது. வழமையான ஓவன்களில் உள்ளேயிருக்கும் மின்மாற்றி, 230 வோல்ட் மின்சாரத்தை ஏறத்தாழ 2,000 வோல்ட்டாக உயர்த்த, மின்தேக்கியும் டயோடும் சேர்ந்து அதை 4,000 வோல்ட் அளவுக்குக் கொண்டுபோய், நுண்ணலைகளை உண்டாக்கும் பாகமான மக்னெட்ரோனுக்குக் கொடுக்கின்றன. பிளக்கைக் கழற்றிய பின்னரும் அந்த மின்தேக்கியில் மின்னேற்றம் தங்கியிருந்து, தொட்டவரின் உயிரையே பறிக்கக்கூடும். தொலைக்காட்சியையும் மின்விசிறியையும் திறந்து பழகியவர்கள் கூட இதில் கை வைக்காதிருக்க வேண்டும் என்று வற்புறுத்திச் சொல்கிறேன்.

படி 1: மின்சாரம் வருகிறதா?

திரையில் எழுத்தே தெரியாவிட்டால், அதே பிளக் பொயின்ட்டில் கேத்தல் ஒன்றைச் சொருகிப் பாருங்கள். கேத்தல் கொதித்தால், ஓவனின் 13 அம்பியர் சதுரக்கால் பிளக்கைத் திறந்து, உள்ளேயிருக்கும் ஃபியூஸை மாற்றுங்கள். கொழும்பின் பழைய வீடுகளில் இன்னும் 5 அம்பியர் வட்டக்கால் பொயின்ட்டுகள் இருக்கின்றன. 1,200 வாட் இழுக்கும் ஓவனுக்கு 5 அம்பியருக்குச் சற்று அதிகமாகவே தேவைப்படுவதால், அடப்டர் வைத்து அதில் பாவிப்பது பொயின்ட்டைச் சூடாக்கி உருக்கிவிடக்கூடும். பிளக்கின் கால்கள் கறுத்திருந்தால் பழுது ஓவனில் அல்ல, பொயின்ட்டில்தான் இருக்கக்கூடும்.

மின்வெட்டு முடிந்து மின்சாரம் திரும்பிய பிறகு பொத்தான்கள் இயங்காமல் போனால், பிளக்கைக் கழற்றிப் பத்து நிமிடம் வைத்துவிட்டு மீண்டும் சொருகுங்கள். பல வேளைகளில் கட்டுப்பாட்டுப் பலகை இதனாலேயே வழிக்கு வந்துவிடும்.

படி 2: திரை எரிகிறது, ஆனால் தொடங்கவில்லை

முதலில் சிறுவர் பூட்டுப் போடப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். பல மாதிரிகளில் நிறுத்தும் பொத்தானை மூன்று விநாடி அழுத்திப் பிடித்தால் அது விடுபடும். அடுத்தது கதவு. கதவிலுள்ள கொக்கிகள் உட்சென்று சிறு சுவிட்சுகளை அழுத்தினால்தான் ஓவன் இயங்கும். கொக்கியிலோ அது நுழையும் துளையிலோ உணவுத் துணுக்கு அடைத்திருந்தால், ஈரத்துணியால் துடைத்தெடுங்கள். கதவை இலேசாக அழுத்திப் பிடித்தால் மட்டும் இயங்குமானால் கொக்கி அல்லது சுவிட்ச் தேய்ந்திருக்கிறது; அப்படி அழுத்திப் பிடித்துக்கொண்டே நாட்களைக் கடத்த வேண்டாம். கதவு வளைந்திருந்தாலும் கண்ணாடி வெடித்திருந்தாலும் ஓவனைப் பாவிப்பதையே நிறுத்துங்கள்.

படி 3: உள்ளே தீப்பொறி பறக்கிறது

பயத்தைக் கொடுத்தாலும், பெரும்பாலும் மிகக் குறைந்த செலவில் தீரும் பழுது இதுதான். பிளக்கைக் கழற்றிவிட்டு உட்சுவரை, வழமையாக வலப்பக்கத்தை, டோர்ச் அடித்துப் பாருங்கள். அட்டை போன்ற சாம்பல் நிறத் தகடு ஒன்று தெரியும். அது மைக்கா தகடு; நுண்ணலைகள் அதனூடாகத்தான் உள்ளே வருகின்றன. மீன்குழம்பும் சொதியும் மூடாமல் சூடாக்கப்படும்போது தெறிக்கும் எண்ணெய் அதில் ஒட்டி, கருகி, கரியாகிறது. கரி மின்சாரத்தைக் கடத்துவதால் பொறி அதே இடத்தில் மீண்டும் மீண்டும் விழுந்து, கடைசியில் தகட்டில் ஓட்டையே போட்டுவிடும்.

வெறும் அழுக்கென்றால் சவர்க்காரம் தொட்ட ஈரத்துணியால் துடைத்து, நன்றாகக் காயவிடுங்கள். கறுத்த புள்ளி நகத்தால் சுரண்டியும் போகாவிட்டால் தகட்டை மாற்ற வேண்டும். அது உட்புறத்திலிருந்து ஒரு திருகாணியாலோ கிளிப்பாலோ பொருத்தப்பட்டிருக்கும். பழைய தகட்டைக் கழற்றி, புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவை அண்டிய உதிரிப்பாகக் கடைகளில் மைக்கா தாள் கேட்டு, பழையதை மேலே வைத்துக் கோடு வரைந்து, கத்தரிக்கோலால் வெட்டிக்கொள்ளலாம். ஓரங்கள் பிசிறில்லாமல் இருக்கட்டும். தகடு இல்லாமல் ஒரு நிமிடம் கூட ஓவனை இயக்காதீர்கள்.

தகடு சுத்தமாக இருந்தும் பொறி பறந்தால், உட்சுவரின் பெயிண்ட் உரிந்து துருப்பிடித்திருக்கிறதா என்று பாருங்கள். வெள்ளவத்தை போன்ற கடலோரப் பகுதிகளின் உப்புக்காற்றில் துரு விரைவாகப் பரவும். பொன் விளிம்பு வைத்த கோப்பைகளும் பொறியை உண்டாக்கும்.

படி 4: தட்டு சுழலவில்லை

கண்ணாடித் தட்டையும் சில்லு வளையத்தையும் எடுத்துக் கழுவி, நடுவிலுள்ள பிளாஸ்டிக் இணைப்பு தேய்ந்திருக்கிறதா என்று பாருங்கள். அது சரியாக இருந்தால் பழுது மோட்டாரில். திருத்துபவர் புதிய மோட்டார் போடும்போது பழையதன் லேபிளில் உள்ள வோல்டேஜைப் பார்க்கச் சொல்லுங்கள். சிலவற்றில் 230 வோல்ட்டும் சிலவற்றில் 21 வோல்ட்டும் இருக்கும்.

படி 5: எல்லாம் ஓடுகிறது, சூடு மட்டும் இல்லை

வலு அளவு குறைத்து வைக்கப்படவில்லை என்பதை உறுதிசெய்துகொண்டு, பெரிய பாத்திரத்தில் ஒரு லீட்டர் நீர் வைத்து வெப்பமானியால் அளந்து, முழு வலுவில் சரியாக ஒரு நிமிடம் சூடாக்குங்கள். கலக்கிவிட்டு மீண்டும் அளந்து, உயர்ந்த பாகைகளை 70ஆல் பெருக்கினால் ஓவனின் வலு வாட்டில் கிடைக்கும். 28 பாகை நீர் 38 பாகைக்கு வந்தால் ஏறத்தாழ 700 வாட். லேபிளில் எழுதியிருப்பதை விட இது சற்றுக் குறைவது இயல்பு. பாதிக்கும் கீழே போனால் உயர் வோல்டேஜ் பகுதியில் பழுது இருப்பதாகக் கொள்ளலாம். வழமைக்கு மாறான பலத்த இரைச்சலும் சேர்ந்து கேட்டால் டயோடோ மின்தேக்கியோ போயிருக்க வாய்ப்புண்டு. ஓவனை இயக்கியவுடன் வீட்டின் ட்ரிப் சுவிட்ச் விழுந்தால், மீண்டும் மீண்டும் போட்டுப் பார்க்காமல் பிளக்கைக் கழற்றிவிடுங்கள்.

இந்த நிலையில் திருத்துபவரிடம் கொண்டுபோக வேண்டியதுதான். எந்தப் படியில் என்ன கண்டீர்கள் என்பதை எழுதிக்கொண்டு போனால் அவருக்கு நேரம் மிச்சம், உங்களுக்குப் பணம் மிச்சம். ஓவனுக்குள் இருக்கும் ஃபியூஸ் எரிந்திருந்தது என்று அவர் சொன்னால், அது ஏன் எரிந்தது என்று கட்டாயம் கேளுங்கள்: கதவுச் சுவிட்ச் பழுதானால் ஃபியூஸை வேண்டுமென்றே எரியவைக்கும் பாதுகாப்பு ஏற்பாடு உள்ளே இருப்பதால், சுவிட்சுகளைச் சோதிக்காமல் ஃபியூஸை மட்டும் மாற்றிய ஓவனைப் பணம் கொடுத்து எடுத்து வராதீர்கள்.