வெட்டுத்துணியில் ஒரு குழந்தை விரிப்பு: முதன்முறை தைப்பவர்களுக்கான செய்முறை

சென்னை தண்டையார்பேட்டையில் எங்கள் தெருமுனை ஜாக்கெட் கடையில் வாரத்துக்கு ஒரு மூட்டை வெட்டுத்துணி சேரும். அதைக் கேட்டு வாங்க முதன்முறை போனபோது, தையற்கார அண்ணன் மெஷினை நிறுத்திவிட்டு, "இந்தப் பிட்டெல்லாம் எடுத்துக்கினு போய் இன்னாம்மா பண்ணப் போறே, தலகாணில அடைக்கவா?" என்று கேட்டார். ஒட்டுப்போட்டு விரிப்பு தைக்கப் போகிறேன் என்றதும் சிரிக்காமல் ஒன்றைச் சொன்னார்: "தையலுக்கு எவ்ளோ வுடப் போறேன்னு மொதல்லயே முடிவு பண்ணிக்கோ. நடுவுல மாத்தாதே." நான் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. விளைவாக, என் முதல் விரிப்பின் ஒரு பக்கம் மறுபக்கத்தைவிட இரண்டு விரற்கடை நீளமாக வந்தது. இந்தச் செய்முறை முழுவதும் அவர் சொன்ன அந்த ஒரு வாக்கியத்தைச் சுற்றியே அமைந்திருக்கிறது.

நாம் தைக்கப்போவது 30 அங்குல அகலமும் 40 அங்குல நீளமும் கொண்ட, தரையில் விரித்துக் குழந்தையை விளையாட விடுவதற்கான விரிப்பு. அகலவாக்கில் 6, நீளவாக்கில் 8 என மொத்தம் 48 சதுரங்கள் தேவைப்படும். தைத்து முடித்த பின் ஒவ்வொரு சதுரமும் 5 அங்குலம் தெரிய வேண்டும். நான்கு பக்கமும் தையலுக்குக் கால் அங்குலம் போய்விடுமாதலால், வெட்டும்போது ஐந்தரை அங்குலமாக வெட்ட வேண்டும். இஞ்ச் டேப்பில் ஓர் அங்குலத்துக்குள் எட்டுக் கோடுகள் இருக்கும். அதில் ஒரு கோடு ஒரு நூல். கால் அங்குலம் என்பது இரண்டு நூல். இனி நூல் கணக்கிலேயே பேசுவோம்.

துணி

பருத்தித் துணியை மட்டுமே எடுத்துக்கொள்ளுங்கள். பழைய காட்டன் நைட்டி, சுடிதார் டாப், சட்டையின் முதுகுப்பகுதி ஆகியவற்றில் சதுரங்கள் தாராளமாகக் கிடைக்கும். ஜாக்கெட் கடை மூட்டையில் ஐந்தரை அங்குலத்துக்குத் தேறும் பிட்டு குறைவுதான், ஆனால் நல்ல நிறங்கள் அங்கேதான் இருக்கும். புதுத்துணி வாங்குவதானால் பழைய வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோட்டில் தீபாவளிக் கூட்டம் தொடங்குவதற்கு முன்பாகப் போய்விடுவது நல்லது. 44 அங்குலப் பன்னாவில் (துணியின் அகலத்தில்) அரை மீட்டர் வாங்கினால், ஓரக்கரையை நீக்கிய பின் வரிசைக்கு 7 வீதம் மூன்று வரிசையில் 21 சதுரங்கள் கிடைக்கும்.

மூட்டைத் துணியில் பாலியஸ்டர் கலந்திருக்கும். சந்தேகம் வந்தால் ஓரத்திலிருந்து நாலைந்து இழைகளை உருவி, இடுக்கியில் பிடித்து, தொட்டித் தண்ணீருக்கு மேலே வைத்துக் கொளுத்திப் பாருங்கள். பருத்தி காகிதம் எரியும் வாசனையோடு எரிந்து, தொட்டால் உதிரும் சாம்பலாகும். பாலியஸ்டர் உருகிச் சுருண்டு, கடினமான கருப்பு மணியாக நின்றுவிடும். இரண்டையும் கலந்து தைத்தால், இஸ்திரிப் பெட்டியின் சூட்டில் ஒன்று வழிக்கு வரும்போது மற்றொன்று சுருங்கிவிடும்.

அடுத்து, எல்லாத் துணியையும் வெட்டுவதற்கு முன் துவைக்க வேண்டும். ஏற்றுமதித் துணிகளை வெளுத்துக் கொடுத்தவர்கள் குடியிருந்ததால்தான் வண்ணாரப்பேட்டைக்கு அந்தப் பெயரே வந்தது. அந்தப் பகுதியில் இருந்துகொண்டு துவைக்காமல் தைப்பது நமக்கு அழகல்ல. புதுப் பருத்தித் துணி முதல் துவைப்பில் சுருங்கும், அடர்நிறமாயின் சாயமும் விடும். மெட்ராஸ் என்ற பெயரிலேயே உலகம் சுற்றிய நம்முடைய கட்டம் போட்ட துணி, ஒவ்வொரு துவைப்பிலும் சாயம் கரைந்து நிறங்கள் ஒன்றோடொன்று கலப்பதையே சிறப்பாகச் சொல்லி 1960களில் அமெரிக்காவில் விற்கப்பட்டது. சட்டைக்கு அது நாகரிகமாக இருக்கலாம். வெள்ளைச் சதுரத்துக்குப் பக்கத்தில் வைத்துத் தைக்கும் நமக்கு அது வேண்டாம். நான் ஒருமுறை அரக்குநிற ஜாக்கெட் பிட்டைத் துவைக்காமல் வைத்துத் தைத்து, முதல் அலசலிலேயே சுற்றியிருந்த எட்டுச் சதுரங்களும் ரோஜாநிறமாக மாறியதைப் பார்த்தேன்.

சோதிப்பது எளிது. அடர்நிறத் துணியைத் தனித்தனியே சுடுதண்ணீரில் அரைமணி நேரம் ஊறவையுங்கள். பிறகு ஈரத்தோடு ஒரு வெள்ளைத் துணியின்மேல் வைத்து அழுத்திப் பிழியுங்கள். வெள்ளையில் நிறம் ஏறினால் மறுபடி துவையுங்கள். மூன்று முறைக்குப் பின்னும் ஏறினால் அந்தத் துணியை இதில் சேர்க்காதீர்கள். உப்புப் போட்டு ஊறவைத்தால் சாயம் நின்றுவிடும் என்று வீட்டில் சொல்வார்கள். சாயம் தோய்க்கும் நேரத்தில் உப்புக்கு வேலை உண்டு. தோய்த்து முடித்த துணியில் அதற்குப் பெரிய வேலை இல்லை.

வெட்டுதல்

சக்கரக் கத்தியும் அதற்கான பாயும் இருந்தால் வேலை வேகமாக முடியும், ஆனால் முதல் விரிப்புக்கு அந்தச் செலவு தேவையில்லை. அட்டையில் அச்சு வெட்டினால் பத்துச் சதுரத்துக்குள் அதன் ஓரம் மழுங்கி, அளவு கொஞ்சம் கொஞ்சமாகக் குறைய ஆரம்பிக்கும். பீரோவில் கிடக்கும் பழைய எக்ஸ்ரே படலத்தை எடுத்து, இரும்பு ஸ்கேல் வைத்து ஐந்தரை அங்குலச் சதுரமாக வெட்டிக்கொள்ளுங்கள். அது தேயாது, அடியில் இருக்கும் பூவேலையும் ஓரளவு தெரியும். மூலைக்கு மூலை குறுக்கே இரண்டு வாட்டமும் அளந்து பாருங்கள். இரண்டும் ஒரே அளவாக, ஏழேமுக்கால் அங்குலத்துக்கு மயிரிழை கூடுதலாக இருந்தால்தான் அது சதுரம். நான்கு பக்கமும் சரியாக இருந்து குறுக்களவு மாறினால், அச்சு சாய்ந்திருக்கிறது என்று பொருள்.

அச்சைத் துணியின் இழை ஓடும் திசைக்கு நேராக வையுங்கள். துணியை இரு கையால் பிடித்து இழுத்தால், பாவு வாட்டத்தில் (நீளவாக்கில்) இழுபடாது, ஊடை வாட்டத்தில் (அகலவாக்கில்) சிறிது கொடுக்கும், கிராஸாக, அதாவது மூலைவாட்டமாக இழுத்தால் ரப்பர் போல நீளும். கிராஸில் விழுந்த ஓரம் தைக்கும்போது அலை அலையாக நெளியும். பிட்டுத்துணியில் இந்தத் தவறுதான் அதிகம் நடக்கிறது, ஏனென்றால் இடம் போதவில்லை என்று அச்சைத் திருப்பி வைக்கத் தோன்றும். அப்படி வைக்கத் தோன்றும் பிட்டை ஒதுக்கிவிடுங்கள்.

48 சதுரங்களையும் தரையில் பரப்பி அடுக்கியபின் கைபேசியில் படம் எடுத்து, அதைக் கருப்பு வெள்ளையாக மாற்றிப் பாருங்கள். கண்ணுக்கு வேறுவேறாகத் தெரிந்த பச்சையும் சிவப்பும் அதில் ஒரே சாம்பல்நிறமாக இருக்கும். வெளிர்நிறமும் அடர்நிறமும் மாறி மாறி வந்தால்தான் விரிப்புக்கு எடுப்பு.

இரண்டு நூல்

கருப்பு நேர்த்தையல் மெஷினே போதும். ஊசி 14ஆம் எண், தையல் அங்குலத்துக்குப் பத்திலிருந்து பன்னிரண்டு. மெஷின் பாதத்தின் வலது ஓரம் ஊசியிலிருந்து இரண்டு நூல் தள்ளித்தான் இருக்கும் என்று நம்பிவிடாதீர்கள். மெஷினுக்கு மெஷின் அது மாறும். இஞ்ச் டேப்பைப் பாதத்துக்கு அடியில் நுழைத்து, சக்கரத்தைக் கையால் சுற்றி, ஊசிமுனை இரண்டாம் நூல் கோட்டைத் தொடும்வரை இறக்குங்கள். டேப்பின் நுனி தகட்டில் எங்கே முடிகிறதோ அங்கே இன்சுலேஷன் டேப்பை மூன்று நான்கு அடுக்கு ஒட்டிவிடுங்கள். துணியின் ஓரம் அந்தச் சிறு மேட்டில் உரசிக்கொண்டே போனால், கண் ஊசியைப் பார்க்க வேண்டியதே இல்லை.

உடனே விரிப்பைத் தொடங்காமல், மூன்று வேண்டாத சதுரங்களை வரிசையாக இணைத்து, இஸ்திரி போட்டு அளந்து பாருங்கள். மொத்தம் பதினைந்தரை அங்குலமும் நடுச்சதுரம் மிகச்சரியாக 5 அங்குலமும் இருக்க வேண்டும். நடுச்சதுரம் குறைந்தால் அதிகமாகப் பிடிக்கிறீர்கள்; டேப்பை ஊசிப்பக்கம் நகர்த்துங்கள். இந்தச் சோதனையை நீங்கள் இரண்டு மூன்று முறை செய்ய வேண்டியிருக்கும், சலிக்காமல் செய்யுங்கள். ஒரு தையலில் அரை நூல் கூடுதலாகப் பிடித்தால், இரண்டு துணியிலும் சேர்த்து ஒரு நூல் போகிறது. நீளவாக்கில் 8 சதுரத்துக்கு 7 இணைப்புகள். ஆக 7 நூல், அதாவது ஓர் அங்குலத்துக்கு ஒரு நூல்தான் குறைவு. எல்லா இணைப்பிலும் ஒரே மாதிரிப் பிடித்தால் விரிப்பு சிறிதாகும், அவ்வளவே. ஒரு வரிசையில் பிடித்து அடுத்ததில் விட்டால்தான் மூலைகள் சேராது. என் முதல் விரிப்பில் நடந்தது இதுதான்.

ஆறு ஆறு சதுரமாக எட்டு வரிசை தைத்துக்கொள்ளுங்கள். ஒரு ஜோடி முடிந்ததும் நூலை அறுக்காமல் அடுத்த ஜோடியை உள்ளே விட்டால், மாலை தொடுத்தது போல் எல்லாம் ஒரே நூலில் வரும். பிறகு இடையிடையே வெட்டிக்கொள்ளலாம். நூலும் நேரமும் மிச்சம்.

இஸ்திரியில் ஒரு விஷயம் மிக முக்கியமானது. பெட்டியை இழுக்காதீர்கள், வைத்து, அழுத்தி, எடுத்து, அடுத்த இடத்தில் வையுங்கள். தையற்கடைப் பழக்கத்தில் தையலைப் பிரித்து இரு பக்கமும் விரிப்போம். இங்கே அப்படிச் செய்யாமல் முதல் வரிசையின் தையல் பிடிப்புகளை எல்லாம் வலப்பக்கமும், இரண்டாம் வரிசையினுடையதை இடப்பக்கமும், இப்படியே மாற்றி மாற்றிச் சாய்த்து அழுத்துங்கள். இரண்டு வரிசைகளை முகத்தோடு முகம் வைக்கும்போது, எதிரெதிராகச் சாய்ந்த இரண்டு பிடிப்புகளும் ஒன்றையொன்று முட்டிக்கொண்டு, பூட்டு விழுந்தது போல் நிற்கும். விரல்நுனியால் தடவினால் மேடு தட்டாது. அந்த இடத்தில் ஒரு குண்டூசி குத்தித் தைத்தால் நான்கு மூலையும் ஒரே புள்ளியில் சேரும். எல்லாம் சேர்ந்தபின் மேல்துணி முப்பதரைக்கு நாற்பதரை அங்குலம் இருக்கும்.

மூன்று அடுக்கு

குளிர்நாட்டுப் புத்தகங்கள் நடுவில் பஞ்சு ஷீட் வைக்கச் சொல்லும். மே மாதத்துச் சென்னையில் அதன்மேல் படுக்கும் குழந்தைக்கு வேர்க்குருதான் மிஞ்சும். நாலு முழ வேட்டி ஒன்று, பலமுறை துவைத்து நைந்து மெத்தென்று ஆனது, இரண்டாக மடித்தால் இந்த விரிப்புக்குச் சரியாகப் போதும். வங்காளத்துக் கந்தாவும் பழைய புடவைகளை அடுக்கி நூல் ஓட்டித் தைப்பதுதான். நம் வீடுகளில் பிறந்த குழந்தைக்குப் பழம்புடவையைத்தான் மடித்துப் போடுவோம் என்பதால், இது நமக்கும் புதிதல்ல. அடித்துணிக்கும் விளிம்புப் பட்டிக்கும் சேர்த்து 44 அங்குலப் பன்னாவில் ஒன்றேகால் மீட்டர் போதும்.

அடித்துணியும் நடுத்துணியும் மேல்துணியைவிட ஒவ்வொரு பக்கமும் ஓரங்குலமாவது பெரிதாக இருக்க வேண்டும். அடித்துணியை நல்ல பக்கம் தரையைப் பார்க்கும்படி விரித்து, ஓரங்களை டேப்பால் தரையோடு ஒட்டிவிடுங்கள். இழுத்துப் பிடிக்காமல் சுருக்கமில்லாமல் இருந்தால் போதும். அதன்மேல் வேட்டி, அதன்மேல் மேல்துணி. நடுவிலிருந்து வெளிநோக்கி, நான்கு அங்குல இடைவெளியில் தற்காலிகமாக, நீளத் தையலாக இழையோட்டிக்கொள்ளுங்கள். இழையோட்டுவதற்குப் பதில் ஊக்கும் குத்தலாம். ஆனால் காசிமேட்டுக் கடல்காற்று வீசும் வீடுகளில் ஊக்கு இரண்டு வாரத்தில் துருப்பிடித்து, துணியில் செம்புள்ளி வைத்துவிடும், அது எளிதில் போகாது. என்னிடம் கேட்டால் இழையோட்டுவதே மேல்.

கையால் தைப்பதானால் ஒவ்வொரு இணைப்பிலிருந்தும் இரண்டு நூல் தள்ளி, ஓட்டுத்தையல் போட்டுக்கொண்டே போங்கள். முடிச்சை அடியில் தொங்கவிடாமல், நூலைச் சுண்டி இழுத்து அடுக்குகளுக்கு உள்ளே ஒளித்துவிடுங்கள். தையல் சிறிதாக இருப்பதைவிட ஒரே அளவாக இருப்பதுதான் கண்ணுக்கு நிறைவு. மெஷினில் தைத்தால் பாதத்துக்கு அடியிலுள்ள பற்கள் அடித்துணியை இழுக்க, மேல்துணி பின்தங்கி முன்னால் மடிந்து குவியும். பாதத்தின் அழுத்தத்தைக் கூட்டும் மேல்திருகைச் சற்றுத் தளர்த்தி, தையலைக் கொஞ்சம் நீளமாக்கி, நடுக்கோட்டில் தொடங்கினால் இந்தத் தொல்லை பெரும்பாலும் தீரும்.

மெஷினே இல்லாதவர்கள் கர்நாடகத்தின் உத்தர கன்னட மாவட்டத்துச் சித்தி இனப் பெண்கள் தைக்கும் கவந்தி என்ற ஒட்டுத்துணி விரிப்பைத் தேடிப் பாருங்கள். அவர்கள் துண்டுகளை முதலில் இணைப்பதே இல்லை; அடித்துணியின் ஓரத்தில் தொடங்கி, துண்டை வைத்து விளிம்பை மடித்து, எல்லா அடுக்கையும் சேர்த்து ஓட்டுத்தையல் போட்டபடியே நடுவை நோக்கி வருவார்கள்.

விளிம்பு

வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் அடுக்குகளை மேல்துணியின் ஓரத்துக்குச் சமமாக வெட்டிவிடுங்கள். இரண்டரை அங்குல அகலத்தில் நான்கு நேர்ப்பட்டிகளை வெட்டி, ஒன்றோடொன்று சாய்வாக இணைத்து, நீளவாக்கில் இரண்டாக மடித்து இஸ்திரி போடுங்கள். சுற்றளவு 142 அங்குலம், முனைகளைச் சேர்க்கப் பத்து அங்குலம் கூடுதல். ஓரம் நேராக இருப்பதால் ஜாக்கெட் பைப்பிங்குக்குப் போல் கிராஸில் வெட்டத் தேவையில்லை.

பட்டியின் பிசிறு ஓரத்தை விரிப்பின் ஓரத்தோடு மேற்புறத்தில் சேர்த்து வைத்து, தொடக்கத்தில் ஒரு சாண் தைக்காமல் விட்டு, அதே இரண்டு நூலில் தைத்துப் போங்கள். மூலைக்கு இரண்டு நூல் முன்னதாக நிறுத்தி நூலை அறுத்து, பட்டியை மூலையில் முக்கோணம் விழும்படி மேல்நோக்கி மடித்து, பிறகு அடுத்த ஓரத்தோடு ஒட்டினாற்போல் கீழே மடித்து, விளிம்பிலிருந்தே மறுபடி தையுங்கள். நான்கு மூலையும் முடிந்து முனைகளைச் சேர்த்தபின், பட்டியைப் பின்புறம் திருப்பி, தையல்கோடு மறையும்படி ஹெம்மிங் செய்யுங்கள். இந்த ஹெம்மிங்குக்கு இரண்டு மாலைப்பொழுதாவது ஆகும்.

கடைசியாக இழையோட்டத்தை உருவிவிட்டு, குளிர்ந்த தண்ணீரில் ஒருமுறை அலசுங்கள். போர் தண்ணீர் உப்பாக இருக்கும் வீடானால், கடைசி அலசலுக்கு மட்டும் ஒரு குடம் மெட்ரோ வாட்டரை எடுத்து வையுங்கள். கொடியில் ஒரு முனையைப் பிடித்துத் தொங்கவிடாமல், நடுவில் மடித்துப் போட்டு, நிழலில் உலர்த்துங்கள்.