சீனாவுக்கு வியாபாரமாகப் போகிறீர்களா? இதைப் பார்த்துவிட்டுப் போங்கள்

கைதைப் பற்றி யோசிக்கிறவர்கள்கூட வெளியேறத் தடை என்று ஒன்று இருப்பதை மறந்துவிடுகிறார்கள். 2013 முதல் நடப்பில் உள்ள சீனச் சட்டப்படி, இன்னும் முடியாத சிவில் வழக்குக்காகக்கூட நீதிமன்றம் வெளிநாட்டவரை நாட்டிலேயே நிறுத்தி வைக்கலாம். பலருக்கு விமான நிலையத்தில் பாஸ்போர்ட்டை நீட்டும்போதுதான் விஷயமே தெரியவருகிறது.

அதனால் டிக்கெட் போடும் முன்பே, சப்ளையர் பாக்கி, சரக்குத் தகராறு, வரி, பழைய ஊழியர் வழக்கு ஏதாவது உண்டா என்று உள்ளூர் வக்கீலை வைத்து விசாரியுங்கள். கடன் உங்களுடையதாக இருக்கவேண்டும் என்பதே இல்லை. 2011 கடைசியில் சீனாவின் ஈவூ நகரில் கம்பெனி பாக்கிக்காக இரண்டு இந்தியர்களை வியாபாரிகளே பிடித்து வைத்தார்கள், பிறகு அந்த ஊர்ப் பக்கம் வியாபாரத்துக்குப் போகாதீர்கள் என்று நம் தூதரகமே எச்சரித்தது. சீனாவில் உள்ள உங்கள் கம்பெனிக் கிளைக்கு நீங்கள் சட்டப் பிரதிநிதி (கம்பெனி சார்பில் பொறுப்பாளி என்று பதிவேட்டில் உள்ளவர்) என்றால் இன்னும் கவனம்; பொறுப்பை விட்டிருந்தாலும் பதிவேட்டில் பெயர் நீங்கியதா என்று பாருங்கள்.

அப்புறம், சோதித்தாலும் சிக்கல் வராதபடி, தேவையில்லாத ஃபைல் எதுவும் இல்லாத லேப்டாப்பைக் கொண்டுபோங்கள்.

பிடித்து வைத்தால், புரியாத சீனத் தாளில் கையெழுத்துப் போடாதீர்கள். தூதரகத்துக்குத் தகவல் சொல்லச் சொல்லுங்கள், தூதரகச் சேவை உறவுகள் (கான்சுலர்) பற்றிய வியன்னா உடன்படிக்கையின் 36ஆம் பிரிவு தரும் உரிமை அது. கைது இல்லாமல் வெளியேறத் தடை மட்டும் என்றால், எந்த அலுவலகம் போட்டது என்பதைக் கேட்டு வாங்குங்கள், வக்கீல் அங்கிருந்துதான் தொடங்க முடியும்.