நல்லிணக்கப் பட்டறையில் யோகா: செய்யக்கூடாதவை

இலங்கையின் வடக்கில் யோகாவை நல்லிணக்கப் பட்டறைகளுக்குக் கொண்டுவரும் இளம் வளவாளர்கள், அதாவது பயிற்சி நடத்துபவர்கள், ஒரே தவறுகளைத் திரும்பத் திரும்பச் செய்கிறார்கள். வெறும் வயிறு, பாய் விரிப்பு எல்லாம் அவர்களுக்குத் தெரியும். அவற்றை விட்டுவிடுகிறேன்.

மன்னிக்கச் சொல்வது

இதைப் பார்த்தால் இன்னும் எனக்குக் கோபம் வருகிறது. காணாமல் ஆக்கப்பட்ட மகனின் படத்தை மடியில் வைத்திருந்த ஒரு தாயிடம், "மூச்சை விடேக்க கோபத்தையும் விட்டுவிடுங்கோ அம்மா" என்றார் ஒரு வளவாளர். "அதையும் விட்டால் பிள்ளையை ஆர் தம்பி தேடுறது?" என்றார் அவர். அடுத்த நாள் அவரும் வரவில்லை, அவரோடு வந்த மற்றப் பெண்களும் வரவில்லை.

போர் 2009 மே மாதம் முடிந்தது. காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவுகள் 2017 பெப்ரவரியில் கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் தெருவோரப் பந்தலில் போராட்டமாக உட்கார்ந்தார்கள். அவர்கள் கேட்பது பதில். அதைப் பிராணாயாமத்தால் கொடுக்க முடியாது. இரவில் கொஞ்சம் நித்திரை, விசாரணையில் பேசும்போது குரல் நடுங்காமல் இருப்பது, இவ்வளவுக்கு அது உதவும். அதுவே பெரிய உதவி. யோக சூத்திரம் எழுதிய பதஞ்சலி, இயமங்கள் என்ற ஒழுக்க விதிகளில் அகிம்சையை முதலில் வைத்தது, பயில்பவர் தன்மேல் விதித்துக்கொள்ளத்தான். பிள்ளையைப் பறிகொடுத்தவரிடம் போய் அதைக் கேட்பது அநியாயம்.

இருட்டில் சவாசனம்

செல்லடிக்குப் பயந்து பங்கரில், பதுங்குகுழியில், கிடந்தவர்களை விளக்கை அணைத்து மல்லாந்து படுக்க வைக்காதீர்கள். கதவு திறந்திருக்கட்டும். கண்ணைத் திறந்தபடி கதிரையில் இருக்க விரும்பினால் விடுங்கள். ஆசனத்தைத் திருத்தப் பின்னால் வந்து தொடவேண்டாம். முன்னால் நின்று வாயால் சொன்னால் போதும்.

எல்லோரையும் ஓம் சொல்ல வைப்பது

முஸ்லிம்களும் கிறிஸ்தவர்களும் இருக்கும் அறை அது. 2015 ஜூன் 21இல் டெல்லியில் நடந்த முதல் யோகா தினத்திலேயே, முஸ்லிம் அமைப்புகளின் எதிர்ப்புக்குப் பிறகு சூரிய நமஸ்காரத்தை விட்டுவிட்டார்கள். மூச்சை எண்ணினாலே போதும்.

சீருடைக்காரரோடு நிறுத்திப் படம் எடுப்பது

வேண்டாம்.

மூச்சோடு முடித்து அனுப்புவது

வேலிச் சண்டை, கிணற்றுத் தண்ணீர் என்று இரண்டு பகுதி ஆட்கள் வந்தால், பத்து நிமிட மூச்சுப் பயிற்சி தொடக்கம் மட்டும்தான். அப்புறம் பாயைச் சுருட்டிவிட்டு, குறுக்கே பேசாமல் ஒருவர் பின் ஒருவராகப் பேச விடுங்கள். அங்கே தீராவிட்டால் 1988ஆம் ஆண்டுச் சட்டப்படி வந்த, இரு தரப்பையும் பேசி இணங்க வைக்கும் மத்தியஸ்த சபை இருக்கிறது. விண்ணப்பம் எழுத அவர்களோடு கூட இருங்கள்.