அதிகாரி பெர்லின் போறாவளா? ஆதிச்சநல்லூர் பொருள பாக்க என்னெல்லாம் கையில குடுத்து விடணும்

தாமிரபரணிக் கரையில, அந்தக் காலத்துல செத்தவங்கள தாழியில வச்சுப் புதைச்ச இடமான ஆதிச்சநல்லூர்ல 1876-ல ஜாகோர்னு ஒரு ஜெர்மன்காரர் தோண்டி எடுத்தது பெர்லினுக்குப் போச்சு, பின்னால வந்த பிரெஞ்சுக்காரர் லூயி லாப்பிக் எடுத்தது பாரிசுக்குப் போச்சு, வெள்ளைக்காரங்க காலத்துத் தொல்லியல் அதிகாரி அலெக்சாண்டர் ரீ எடுத்தது எழும்பூர் மியூசியத்துல இருக்கு. அதனால நம்ம பக்கத்து அதிகாரி யாராவது கலாச்சாரப் பயணம்னு பெர்லின் மாதிரி ஊருக்குப் போறாவன்னா ஊர்க்காரங்க நாம சும்மா இருக்கக் கூடாது, ஏன்னா பயணம் அஞ்சு நாள்னாலும் மியூசியத்துக்குன்னு கிடைக்கிறது அரை நாள்தான், அந்த அரை நாளைக்கான வேலை பூரா இங்கன வச்சே முடிஞ்சிருக்கணும்.

எனக்குத் தெரிஞ்ச ஒரு அதிகாரி இப்படி ஒரு நாட்டுக்குப் போயிட்டு வந்தாவ, நல்ல மனுசன், ஆனா கையில அளவும் இல்ல பழைய போட்டோவும் இல்ல, கண்ணாடிப் பெட்டிக்கு வெளிய நின்னு எடுத்த நாலு படத்தோட திரும்பிட்டாவ, அதுல சிலையவிட அவிய சட்டைதான் நல்லா தெரியுது. எனக்கு இன்னைக்கும் அது ஆறல.

மொதல்ல ஆன்லைன்ல தேடுங்க. பெர்லின் மியூசியங்க தங்களோட சேகரிப்புப் பட்டியல நெட்லயே போட்டுருக்காங்க. திருநெல்வேலின்னு தேடுனா சிக்காது, டின்னவெல்லி, மெட்ராஸ், ஜாகோர் இப்படி பழைய ஸ்பெல்லிங்ல தேடணும். பொருளோட பதிவு எண் கிடைச்சா பாதி வேலை முடிஞ்சமாதிரி, அந்த நம்பரப் போட்டு ரெண்டு மூணு மாசம் முன்னாடியே அந்தச் சேகரிப்பப் பாத்துக்கிடுற க்யூரேட்டருக்கு மெயில் போடச் சொல்லுங்க. எந்தப் பெரிய மியூசியமும் இருக்கிறதுல கொஞ்சத்ததான் வெளிய வைக்கும், மிச்சம் ஸ்டோர்ல கிடக்கும். பெர்லின்ல காட்சி ஊர் நடுவுல ஹம்போல்ட் ஃபோரம்ங்கிற கட்டடத்துல, ஸ்டோர் தள்ளி டாலெம் பக்கம், அதனால எங்கன வரணும்னு தெளிவா கேட்டுக்கிடுங்க. ஆபீஸ் அனுமதி, விசா இதெல்லாம் அவிய டிபார்ட்மெண்டே பாத்துக்கிடும்.

ஃபைல்ல என்ன இருக்கணும்? ரீ 1915-ல போட்ட கேட்டலாக்ல உள்ள படங்களோட நகல், எழும்பூர்ல இருக்கிற அதே மாதிரி பொருளோட அளவு சென்டிமீட்டர்ல, தோண்டுன இடத்தோட மேப். ஆதிச்சநல்லூர் பொருள் இல்லாம களவு போன கோயில் சிலையப் பாக்கப் போறாவன்னா பழைய போட்டோதான் உயிர். பாண்டிச்சேரி பிரெஞ்சு நிறுவனம் 1956-ல இருந்து கோயில் கோயிலா எடுத்த படம் ஒரு லட்சத்துக்கு மேல இருக்கு, கேட்டுப் பாருங்க. வார்ப்புல விழுந்த குழி, தேஞ்ச விரல், சிலையச் சுத்தி வளைஞ்சிருக்கிற திருவாசியில உடைஞ்ச சுடர், இப்படி ஆளுக்கு மச்சம் மாதிரி சிலைக்கும் அடையாளம் உண்டு, அத வட்டம் போட்டுக் குடுங்க. கல்லிடைக்குறிச்சி குலசேகரமுடையார் கோயில் நடராஜர் 1982-ல களவு போயி, ஆஸ்திரேலியாவுல அடிலெய்டு மியூசியம் 2001-ல வாங்கி, 2019-லதான் நம்மகிட்ட திரும்பி வந்தாரு, 37 வருசம்! அதனால முடியாதுன்னு மட்டும் யாரும் சொல்லாதீய.

ஸ்டோருக்குள்ள பேனா விடமாட்டாங்க, பென்சில் கொண்டு போகச் சொல்லுங்க. அளவுகோல பக்கத்துல வச்சு முன்ன பின்ன ரெண்டு பக்கம், முக்கியமா அடிப்பாகம், எல்லாத்தையும் படம் எடுக்கணும், ஃப்ளாஷ் போடலாமா, படத்த வெளியிடலாமான்னு அங்கேயே கேட்டு எழுதி வாங்கிரணும். படத்தவிட பெரிசு ஒண்ணு இருக்கு, அந்தப் பொருள் எந்த வருசம் யாருகிட்ட இருந்து எப்படி வந்துச்சுன்னு உள்ள பழைய ரெஜிஸ்டர் பக்கம். அதோட நகல கேக்காம யாரும் திரும்பக் கூடாது அண்ணாச்சி, நாளைக்கு திருப்பிக் கேக்கணும்னா நமக்கு ஆதாரம் அதுதான்.

அன்பளிப்புன்னா நம்மாளுக உடனே அல்வாதான் கட்டுவாங்க, ஆனா பால் நெய் சேந்தது எதுக்கும் ஐரோப்பாவுல கெடுபிடி ஜாஸ்தி, ஏர்போர்ட்ல விளக்கம் சொல்லிட்டு நிக்க வேண்டாம். சின்னதா ஒரு பத்தமடைப் பாய் குடுத்து விடுங்க, தாமிரபரணிக் கரையில விளைஞ்ச கோரைன்னு சொன்னா, அந்த ஆத்தங்கரையில இருந்து வந்த பொருளுக்குப் பக்கத்துல வச்சு குடுக்க அதவிட பொருத்தமா வேற எதுவும் எனக்குத் தோணல. ஆஸ்திரேலியா போறவிய மட்டும் கோரைப் பாயக்கூட ஏர்போர்ட் ஃபார்ம்ல கண்டிப்பா எழுதிரணும்.

திரும்பி வந்த வாரத்துலயே ரிப்போர்ட் வாங்கிருங்க, தள்ளிப் போச்சுன்னா அது டிரான்ஸ்ஃபர்ல காணாமப் போயிரும். ஒரு காப்பி டிபார்ட்மெண்டுக்கு, ஒண்ணு ஊர் லைப்ரரிக்கு, ஒண்ணு ஆதிச்சநல்லூர் சைட் மியூசியத்துக்கு. அங்க கண்ணாடித் தரை மேல நின்னு கீழ தாழியப் பாக்குற பிள்ளைக, இதோட கிடந்த மத்ததெல்லாம் எங்கன்னு கேக்கும்போது எடுத்துக் காட்ட ஒரு படமாவது இருக்கட்டும்.