குடியை விட முதல் கூட்டத்துக்குப் போவது எப்படி? மதுரைக்காரர்களுக்கு ஒரு வழிகாட்டி

கார்த்திகை முதல் தேதி மாலை போட்டு, மண்டலம் முழுவதும் ஒரு சொட்டுக்கூடத் தொடாதவர்களை நம் ஊரில் தெருவுக்குத் தெரு பார்க்கலாம். மாலையைக் கழற்றிய அன்று சாயங்காலமே டாஸ்மாக் வாசலில் நிற்பவர்களும் அவர்களுக்குள்ளேயே இருக்கிறார்கள். மனவுறுதி இல்லாதவன் என்று வீட்டில் திட்டுவார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. விரத நாட்களில் குருசாமி இருந்தார், கூட விரதம் இருந்த சாமிகள் இருந்தார்கள், சாயங்காலம் போய் உட்கார ஓர் இடம் இருந்தது. மாலையோடு சேர்த்து அந்தத் துணையும் போய்விடுகிறது. அந்தத் துணையை வருடம் முழுக்கத் தருவதுதான் ஏ.ஏ. என்று அழைக்கப்படும் ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் கூட்டம். 1935-இல் அமெரிக்காவின் ஆக்ரன் நகரில் இரண்டு குடிநோயாளிகள் ஒருவருக்கொருவர் கைகொடுத்ததில் தொடங்கியது அது.

1. முதலில் டாக்டர்

தினமும் குடிப்பவர் என்றால் இந்தப் படியைத் தயவுசெய்து தாண்டாதீர்கள். பல வருடங்களாகக் குடித்த உடம்பு, சட்டென்று நிறுத்தினால் தாங்காது. முதல் நாளிலேயே கை நடுங்கும், வியர்க்கும், தூக்கம் வராது. இரண்டு நாட்களுக்குள் வலிப்பு வரலாம். இரண்டாம், மூன்றாம் நாள் வாக்கில் சிலர் இல்லாத உருவங்களைப் பார்த்துப் பிதற்றுவார்கள். காற்றுக் கருப்பு என்று மந்திரிக்க அழைத்துப்போய் நேரத்தைக் கடத்தாதீர்கள். அது உயிரைப் பறிக்கக்கூடிய நிலை, 108-ஐ அழையுங்கள்.

கோரிப்பாளையம் பக்கம் அரசு இராசாசி மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது. காலையில் புறநோயாளிச் சீட்டு வாங்கி, எவ்வளவு குடிக்கிறீர்கள், கடைசியாக எப்போது குடித்தீர்கள் என்பதை ஒளிக்காமல் சொல்லுங்கள். குறைத்துச் சொன்னால் மருந்தின் அளவு தப்பிவிடும்.

‘குடிப்பவருக்குத் தெரியாமல் சாப்பாட்டில் கலக்கலாம்’ என்று விற்கும் பொடிகளை வாங்கவே வேண்டாம். அவற்றில் என்ன இருக்கிறது என்பது விற்பவருக்கே வெளிச்சம். குடியை நிறுத்த டாக்டர்கள் தரும் டைசல்ஃபிராம் போன்ற மருந்து உள்ளே போயிருக்க, அது தெரியாமல் ஒருவர் குடித்தால், ரத்த அழுத்தம் சரிந்து உயிருக்கே ஆபத்தாகலாம்.

2. கூட்டம் எங்கே நடக்கிறது என்று கேட்பது

மனநலப் பிரிவிலேயே கேளுங்கள். ஏ.ஏ.-யின் இந்திய இணையதளத்திலும் ஊர்வாரியாகத் தொடர்பு எண்கள் கிடைக்கும். யாரிடம் பேசுவது என்றே புரியாவிட்டால் 14416 எண்ணுக்கு அழையுங்கள். 2022-இல் மத்திய அரசு தொடங்கிய டெலி மானஸ் சேவை அது. கட்டணம் கிடையாது, இரவு பகல் எந்நேரமும் தமிழில் பேசலாம். போதைப் பழக்கத்துக்கென்றே 14446 என்ற எண்ணும் உண்டு.

தனியார் மறுவாழ்வு மையத்தில் சேர்ப்பதாக இருந்தால், மாநில மனநல ஆணையத்தில் பதிவு பெற்றதா என்று கேட்டு, சான்றிதழைப் பார்த்த பிறகு பணம் கட்டுங்கள்.

3. போகும் முன் ஒரு போன்

இடமும் நேரமும் மாறுவது உண்டு. உசிலம்பட்டியிலிருந்தோ மேலூரிலிருந்தோ பஸ் ஏறி வந்து, பூட்டிய கதவைப் பார்த்துத் திரும்பினால் மறுபடி கிளம்ப மனம் வராது. “ஐயா, குடியை நிறுத்த நினைக்கிறேன், முதல் முறை வருகிறேன்” என்று சொன்னால் போதும். திறந்த கூட்டமா, மூடிய கூட்டமா என்று கேட்டுக்கொள்ளுங்கள். திறந்த கூட்டத்துக்கு மனைவி, அண்ணன், நண்பர் என்று யாரும் கூட வரலாம். மூடியது குடியை நிறுத்த விரும்புபவர்களுக்கு மட்டும். தனியாக உள்ளே வரக் கூச்சமாக இருக்கிறது என்றால் அதையும் சொல்லுங்கள். பஸ் நிறுத்தத்துக்கே வந்து யாராவது அழைத்துப்போகக்கூடும். பெண்கள், பெண் உறுப்பினர் ஒருவரிடம் பேச வேண்டும் என்று கேட்கலாம்.

4. உள்ளே என்ன நடக்கும்?

கூட்டம் சர்ச் வளாகத்திலோ பள்ளி அறையிலோ நடந்தால் மதம் மாற்றுவார்களோ என்று பயப்பட வேண்டாம். ஏ.ஏ. எந்த மதத்தையும் சேர்ந்தது அல்ல. கடவுள் என்ற சொல் வரும், அதை அவரவர் புரிந்துகொண்டபடி எடுத்துக்கொள்ளலாம். ஆதார் கேட்க மாட்டார்கள், கட்டணம் கிடையாது. குடியை நிறுத்தும் விருப்பம் ஒன்றுதான் தகுதி.

ஒருவர் எழுந்து தன் பெயரைச் சொல்லி, “நான் ஒரு குடிநோயாளி” என்று தொடங்குவார். மகளின் காதணியை அடகு வைத்தது, வேலை போனது, மாமனார் வீட்டுக் கல்யாணத்தில் பந்தியிலிருந்து எழுப்பப்பட்டது என்று நாம் வெளியே வாய்திறக்காத விஷயங்களை அங்கே நிதானமாகச் சொல்வார்கள். யாரும் குறுக்கே பேச மாட்டார்கள், புத்தி சொல்ல மாட்டார்கள். உங்கள் முறை வந்தால் “இன்று கேட்க வந்திருக்கிறேன்” என்று சொல்லிவிட்டு உட்காரலாம். முடிவில் செலவுக்காக ஒரு பை சுற்றி வரும், புதியவர் எதுவும் போட வேண்டியதில்லை. அங்கே பார்த்த முகத்தையும் கேட்ட கதையையும் வெளியே சொல்லக்கூடாது.

5. கூட்டம் முடிந்ததும் ஓடிவிடாதீர்கள்

டீ குடிக்கும் நேரத்தில்தான் காரியம் நடக்கிறது. இரண்டு மூன்று பேரின் எண்களை வாங்கிக்கொண்டு, மறுநாளே ஒருவரை அழைத்துப் பேசுங்கள். நன்றாக இருக்கும்போது பேசிப் பழகியிருந்தால்தான், கை பரபரக்கும் சாயங்காலத்தில் அந்த எண்ணை அழுத்த மனம் துணியும். வாழ்நாள் முழுக்கக் குடிக்க மாட்டேன் என்ற சத்தியத்தை அங்கே யாரும் கேட்பதில்லை. இந்த 24 மணி நேரத்துக்கு வேண்டாம், அவ்வளவுதான் பேச்சு. நடுவில் சறுக்கினாலும் அடுத்த கூட்டத்துக்குப் போங்கள். நாற்காலி போட்டு உட்கார வைப்பார்கள்.

வீட்டில் இருப்பவர்களுக்கு

அவர் வர மறுத்தாலும் நீங்கள் போகலாம். குடிப்பவர்களின் குடும்பத்தினருக்கென்றே அல்-அனான் கூட்டங்கள் இருக்கின்றன, இணையவழியிலும் நடக்கின்றன. ஒரு கூட்டத்தை வைத்து முடிவு செய்யாமல், ஆறு கூட்டமாவது வந்து பாருங்கள் என்பார்கள். அவர் திருந்தட்டும், பிறகு பார்க்கலாம் என்று காத்திருக்காதீர்கள், அக்கா. இந்த வாரமே ஒரு போன் செய்துவிடுங்கள்.